காயக்காரருக்கு விழுந்த பாகம்

எங்கள் பங்குக் கோயிலில் யாராவது விம்மி அழுதால், அந்த அழுகையில் பாதிக்குக் காயக்காரர் உரிமை கொண்டாடுவார். மீதிப் பாதியை ஆண்டவருக்கு விட்டுக்கொடுப்பார். அதையும் மனமுவந்து அல்ல. பெரிய வெள்ளியன்று பின்வரிசைத் தூணில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். மரித்த ஆண்டவரின் சுரூபத்தை முத்தமிட வரிசையில் போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தால் அவர் மோவாய் சற்று உயரும். யாராவது கண் கலங்காமல் தாண்டிப் போய்விட்டால், "கல் நெஞ்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார்.

அவருடைய தொழில் சுரூபங்களுக்குக் காயம் போடுவது. கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் பிளாஸ்டரில் வார்த்த ஆண்டவர் அச்சிலிருந்து வெளியே வரும்போது வெள்ளைவெளேரென்று, ஒரு கஷ்டமும் தெரியாத வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருப்பார். அவரைக் கசையால் அடித்து, முள்முடி வைத்து, ஆணி அறைந்து, விலாவைத் திறந்து, பார்ப்பவர் கைக்குட்டையைத் தேடும்படி செய்ய ஓர் ஆள் வேண்டுமே. தீர்ப்புச் சொன்ன பிலாத்து கை கழுவிவிட்டுப் போய்விட்டான். காயக்காரரால் அவ்வளவு சுலபமாகக் கழுவ முடியாது. சாப்பிட உட்காரும்போதுகூட அவர் நகக்கண்களில் சிவப்பு இருக்கும்.

அவரிடம் மூன்று சிவப்புகள் இருந்தன: புதுசு, பழசு, உறைஞ்சது. புதுசு ஓட வேண்டும், பழசு ஒட்டிக்கொள்ள வேண்டும், உறைந்தது கறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கை வார்னிஷ் அடித்தால் ரத்தம் என்றைக்கும் காயாது. இதை அவர் விளக்கும்போது, கல்வாரி மலையில் முன்வரிசையில் நின்று பார்த்தவர் பேசுவதுபோலவே இருக்கும். "ஆணி இந்தப் பக்கமாத்தான் சாய்ஞ்சு இறங்கியிருக்கும். அப்ப ரத்தம் முழங்கை வரைக்கும் போயி, அங்கதான் திரும்பும்" என்று அடித்துச் சொல்வார். யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

இவ்வளவு ரத்தம் பார்த்த மனிதருக்குச் சொந்த ரத்தம் ஒரு துளி பார்த்தால் தலை சுற்றும். ஒருமுறை மரப்பெட்டியைத் தூக்கும்போது விரலில் சிராய் ஏறிவிட்டது. அன்று முழுக்கப் படுக்கையில் கிடந்தார். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த மனைவியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் ஆணி அடிக்கிறீங்க. இந்தத் துரும்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள் அவள்.

"அது பிளாஸ்டர். இது நான்" என்றார் அவர். அவர் வாழ்க்கையில் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பங்குகளும் அவரைக் கெடுத்தன. பக்திக்கு ரத்தம்தான் அளவு என்று எல்லாக் கோயில் கமிட்டிகளும் முடிவு செய்துவிட்ட காலம் அது. எங்கள் கமிட்டித் தலைவர் சிமெண்ட் வியாபாரி. எதையும் மூட்டை கணக்கில் யோசித்துப் பழகியவர். ஒருநாள் பட்டறைக்கு வந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"பக்கத்துப் பங்குக்காரங்க சுரூபத்துல முழங்கால்லயும் ரத்தம் இருக்கு. நீங்கதான் போட்டீங்களாமே?"

"விழுந்தாருல்ல. விழுந்தா முழங்கால்லதான அடிபடும்."

"அப்ப நம்மாளு விழலையா? நமக்கும் போடுங்க. கொஞ்சம் தாராளமாவே போடுங்க."

இப்படி ஒவ்வொரு பங்கும் பக்கத்துப் பங்கைப் பார்த்துத் தாராளமாகக் கேட்க, சில வருஷங்களில் எங்கள் வட்டாரத்து ஆண்டவர்களின் உடம்பில் தோல் என்று சொல்ல அதிக இடம் மிஞ்சவில்லை. வலி என்பது நிறத்தில் இருக்கிறது, முகத்தில் இல்லை என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முகத்தை வரையத் திறமை வேண்டும். சிவப்புக்கு டப்பா போதும்.

ஆனால் காயக்காரருக்கு ஒரு குறை உண்டு. அது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன குறை.

அப்பாவும் சுரூபம் செய்பவர். சாகுமுன் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பாகம் பிரித்தார். மற்ற அப்பாக்கள் நிலத்தைப் பிரிப்பார்கள். இவரிடம் நிலம் இல்லை, அச்சுகள்தான் இருந்தன. ஆகவே ஆண்டவரின் வாழ்க்கையைப் பிரித்தார். மாட்டுத்தொழுவத்திலிருந்து ஒலிவத் தோட்டம் வரை பெரியவனுக்கு. கைதானதிலிருந்து கல்லறை வரை சின்னவனுக்கு. உயிர்த்த பிறகு மறுபடியும் பெரியவனுக்கு.

"ஒரு ராத்திரி ஒரு பகல். அவ்வளவுதானா எனக்கு?" என்று சின்னவர், அதாவது காயக்காரர், கேட்டாராம்.

"சனம் அதைப் பாக்கத்தான்டா வரும்" என்றாராம் அப்பா. "உயிர்த்ததைப் பாக்க எவன் வர்றான்?"

கிழவர் சந்தையை அறிந்தவர். பெரிய வெள்ளிக்குக் கோயில் கொள்ளாமல் தெரு வரை நிற்கும் கூட்டம், உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிவதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். துக்கத்துக்கு வந்தவர்கள் சந்தோஷத்துக்கு நிற்பதில்லை. வீட்டில் அடுப்பில் ஏதாவது இருக்கும். அப்பா சொன்னபடியே சின்னவருக்கு வேலை குவிந்தது, வீட்டுக்கு மாடி வந்தது. பெரியவருக்கு வருஷத்தில் பாதி நாள் ஈ ஓட்டும் வேலைதான். ஆனாலும் சின்னவர் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நம்பினார். சந்தோஷத்தைச் செய்ய இவன் லாயக்கில்லை என்று அப்பா முடிவுகட்டிவிட்டார், அதை விவரமாக வியாபாரப் பேச்சில் சுற்றிக் கொடுத்துவிட்டார் என்பது அவர் எண்ணம். கிழவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது அவரோடு போயிற்று.

பாகப் பிரிவினையில் அப்பா ஒன்றை மறந்திருந்தார். தலைக்கு இரண்டு அச்சு இருந்தன: கண் மூடியது ஒன்று, திறந்தது ஒன்று. கைகளுக்கும் பாதங்களுக்கும் தனித்தனி அச்சு. உடம்புக்கு மட்டும் ஒன்றே ஒன்று. அதில் வார்த்துப் படுக்கவைத்தால் கல்லறை ஆண்டவர். நிமிர்த்தி நிறுத்தினால் உயிர்த்த ஆண்டவர். அப்பா ஆயுசு முழுக்க அப்படித்தான் ஒப்பேற்றினார். அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள், அந்த உடம்பு யாருக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் பட்டறையில் நின்று கத்தினார்கள். சின்னவர் அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உளியை விட்டு நெம்பினார். பெரியவர் தடுக்கக் கையைக் கொண்டுபோனார். உளி அண்ணனின் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

குத்தினான் என்பது பெரியவர் கட்சி. கையை அவராகத்தான் கொண்டுவந்து வைத்தார் என்பது சின்னவர் கட்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்களுடைய மனைவிமார். சின்னவர் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருந்தார்.

அந்த மனைவிமார் இருவரும் கூடப் பிறந்தவர்கள். அக்காளை அண்ணனும் தங்கையைத் தம்பியும் கட்டியிருந்தார்கள். குடும்பத்தில் இருந்த மூளை மொத்தமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். "அந்த அச்சை வெச்சு இன்னொரு அச்சு எடுத்தா ஆளுக்கு ஒண்ணு ஆச்சே" என்று அக்காள் சொன்னாள். கையில் தையல் விழுந்த பிறகுதான் சகோதரர்களுக்கு அது காதில் ஏறியது.

பட்டறையின் நடுவே சுவர் வந்தது. இருப்பது ஒரே கூரை, ஒரே கண்ணாடி ஓட்டு வெளிச்சம் என்பதால், சுவரைக் கூரைவரை எழுப்பாமல் ஆள் உயரத்துக்கு ஒரு முழம் மேலே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் பெரியவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் அல்லேலூயா. இந்தப் பக்கம் காயக்காரர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பாகப் பிரிவினையை மட்டும் வேதம்போலக் காத்தார்கள். அல்லேலூயாவின் பக்கத்தில் ரத்தச் சிவப்பு டப்பா ஒன்றுகூடக் கிடையாது; காயக்காரரின் பக்கத்தில் தங்க நிறம் கிடையாது. அவருடைய ஆண்டவர்களுக்கு ஒளிவட்டம்கூட இருக்காது.

ஒரே அச்சில் பிறந்த இரண்டு உடம்புகளும் வருஷம் ஆக ஆக வேறு வேறு ஆட்களாகிவிட்டன. தம்பி வார்த்ததைச் சுரண்டிச் சுரண்டி விலா எலும்பை வெளியே கொண்டுவந்தார். அண்ணன் பூசிப் பூசிக் கன்னத்தை உப்பவைத்தார். கல்லறையில் வைத்தபோது பட்டினி கிடந்தவர், வெளியே வரும்போது விருந்து முடித்த களையோடு, கல்யாண மாப்பிள்ளை போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, இளம் ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டு வருவார். நடுவே கிடைத்த நேரத்தில் அவர் எங்கே போய் உடம்பைத் தேற்றிக்கொண்டார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒருவருக்காக அழுதோம், ஞாயிற்றுக்கிழமை வேறொருவருக்கு மெழுகுதிரி கொளுத்தினோம்.

காயக்காரர் வீட்டு மாடியில் திருட்டுத்தனமாக உயிர்த்த ஆண்டவரைச் செய்துபார்த்தார். சிறியதாக, முழங்கை நீளத்தில். பல தடவை செய்தார். ஒவ்வொன்றும் நின்றுகொண்டிருக்கும் பிணமாகவே வந்தது. உயிர்த்தவர் என்று சொல்ல முடியாது; தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். கடைசியாகச் செய்ததை, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க மனைவி முட்டுக்கொடுத்து வைத்துவிட்டாள்.

"சாமியைக் கொண்டுபோயி கதவுக்கு வைக்கிறியே."

"வேலை செய்யட்டும். சும்மா முறைச்சுக்கிட்டே நிக்கிறாரு."

நிலவரம் இப்படி இருக்கும்போதுதான் புதுப் பங்குச் சாமியார் வந்தார். இளைஞர், நிறையப் படித்தவர், கண்ணாடி போட்டவர். பழைய பீடத்தை இடித்துவிட்டுப் புதுப் பீடம் கட்டினார். அதன் பின்சுவரில் ஆள் உயரத்துக்கும் பெரியதாக ஓர் உயிர்த்த ஆண்டவர் நிற்க வேண்டும் என்றார். வேலை அல்லேலூயாவுக்குப் போயிற்று. முறைப்படி அது அவர் பாகம். அவர் ஆயுளில் வந்த மிகப் பெரிய வேலை. பீடத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க மறைமாவட்ட ஆயர் வரும் நாளும் குறித்தாகிவிட்டது. காயக்காரர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடி அந்தப் பக்கத்து உப்புத்தாள் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, யாரும் கேட்காமலே இரண்டு ஆண்டவர்களுக்குக் கூடுதலாகக் கசையடி கொடுத்தார்.

சுரூபம் முடிந்ததும் சாமியாரும் தலைவரும் பார்க்கப் போனார்கள். தங்கக் கரை போட்டு, ஒரு பக்க விலா தெரிய விட்ட வெள்ளை அங்கி, உயர்த்திய கைகள், வழக்கமான மாப்பிள்ளைச் சிரிப்பு. தலைவர் அசந்துபோய் நின்றார். சாமியார் கைகளையே பார்த்தார்.

"காயம் எங்கங்க?"

"காயம் தம்பி பாகம், சாமி" என்றார் அல்லேலூயா.

"புரியலையே."

"கைதானதுலேருந்து கல்லறை வரைக்கும் அவனுது. காயம் அதுல வந்துடுது. நான் தொடக் கூடாது."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காயம் இல்லாம அவருதான் இவருன்னு எப்படித் தெரியும்? காயத்தைத் தொட்டாத்தான் நம்புவேன்னு சொன்ன தோமா வந்து கேட்டா எதைக் காட்டுவாரு? சிரிப்பையா?"

தலைவர் குறுக்கே புகுந்தார். "ஃபாதர், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உயிரே குடுத்தாச்சு. இந்த அஞ்சு ஓட்டையை அடைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதெல்லாம் பூசியிருப்பாங்க."

சிமெண்ட் வியாபாரியின் வேத விளக்கத்தைச் சாமியார் ஏற்கவில்லை. ஐந்து திருக்காயங்களும் இல்லாமல் இந்தச் சுரூபம் பீடத்தில் ஏறாது, ஆயர் வருவதற்குள் ஆகாவிட்டால் வெளியூரிலிருந்து ஃபைபர் சுரூபம் ஒன்றை வரவழைத்துவிடுவேன் என்றார். அல்லேலூயாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சுவருக்கு மேலே எல்லாம் தெளிவாகக் கேட்டது. காயக்காரரின் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றது.

இத்தனை வருஷமும் அவர் காத்துக் கிடந்தது இதற்குத்தான். அண்ணன் வந்து கேட்டால் உயிர்த்தவர் மேல் அவர் கை படும். அப்பா போட்டுவைத்த எல்லை ஓர் அங்குலமாவது நகரும். கேட்காவிட்டால் ஃபைபர் வந்துவிடும்; அண்ணனுக்கு வேலை போகும், தம்பிக்கு வாய்ப்பு போகும், இனி இன்னொரு பெரிய பீடம் கட்ட இந்த ஊரில் யாருக்கும் தெம்பில்லை. ஆனால் கேட்க வேண்டியவர் கேட்க வேண்டுமே.

"அவரே வந்து கேக்கட்டும்" என்று மனைவியிடம் சொல்லியனுப்பினார்.

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்தாள். "அத்தான் சொல்றாரு: 'அவன் கையால எனக்கு ஏற்கனவே ஒரு காயம் இருக்கு, அதுவே போதும்னு சொல்லு.'"

"அப்ப ஃபைபரை வெச்சுக்கட்டும்."

"அதையும் சொல்லிட்டுத்தான் வந்தேன். உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், இதைத்தான் சொல்வீங்கன்னு."

கடைசியில் சாமியாரே நேரில் வந்து காயக்காரரிடம் கேட்டார். அங்கி போட்டவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்ற சாக்கு கிடைத்ததும் அவர் உடனே எழுந்துவிட்டார். அவ்வளவு வேகமாக எழுந்ததை மறைக்க, டப்பாக்களை மெதுவாக எடுத்துவைத்தார்.

அவர் அந்தப் பக்கத்து வாசலில் நுழைந்தபோது, அல்லேலூயா எழுந்து வெளியே போய்த் தெருவோரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். காயக்காரர் தனக்குத் தெரிந்த வித்தையை மொத்தமாக இறக்கினார். மூன்று சிவப்பும் போட்டார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஓடவிட்டு, தான் எப்போதும் சொல்லும் இடத்தில் திருப்பினார். விலாவைத் திறந்தார். பாதங்களில் கட்டிகட்டியாக உறையவைத்தார். அண்ணன் பொறுமையாகப் போட்ட தங்கக் கரையில் நாலு சொட்டு விழுந்தது. அதைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தலைவர் வந்து பார்த்து உருகிப்போனார். "இப்பத்தான் ஃபாதர் உசுரு வந்திருக்கு."

சாமியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இவரு உயிர்த்து வந்திருக்காரா, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரா? இவ்வளவு ரத்தம் போகுது, வாயில மட்டும் சிரிப்பு. ஏங்க, இது ஆறின காயம். இருக்கும். ஆனா வலிக்காது. யாருன்னு சொல்லும், ஆனா அழவைக்காது. அப்படி ஒண்ணு போட முடியாதா?"

"போடலாம் சாமி" என்றார் காயக்காரர். சொன்ன பிறகுதான், ஆறின காயம் ஒன்றைத் தன் வாழ்நாளில் போட்டதே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அவருடைய ஆண்டவர்களுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைத்ததில்லை. சாயங்காலத்துக்குள் அவர்களை அடக்கம் செய்துவிடுவார்.

அண்ணி மண்ணெண்ணெய்த் துணியால் ரத்தத்தையெல்லாம் துடைத்துக் கொடுத்தாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். பழுப்பில் போட்டார், கையில் சேறு ஒட்டியதுபோல் இருந்தது. வெளிர் சிவப்பில் போட்டார். சட்டைப் பொத்தானாகத் தெரிந்தது. வெறும் கோடாகக் கீறினார். பிளாஸ்டர் விரிசல் விட்டுவிட்டதோ என்று தலைவர் பயந்தார். இருபத்தைந்து வருஷமாகக் காயத்தையே சாப்பிட்டு வாழ்ந்த மனிதர், ஒரு தழும்பு எப்படி இருக்கும் என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நின்றார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சிராய்க்கே படுத்துக்கொள்ளும் ஆசாமிக்கு எங்கிருந்து தழும்பு வரும்?

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "தழும்புதான வேணும்? என் வயித்துல ரெண்டு பிள்ளைக்கும் சேத்து ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?"

"சீ, என்ன பேச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியும். பிள்ளை பொறந்த அன்னைக்கே பாக்க மாட்டேன்னுட்டீங்க." அவள் துணி மடிக்கிற வேலையைத் தொடர்ந்தாள். "அப்ப அத்தான் கையைப் போயிப் பாருங்க. உங்க கைவேலைதான அது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஃபைபர் சுரூபத்தைக் கொண்டுவர தலைவர் லாரி பேசிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அதைக் கேட்ட பிறகு எழுந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அல்லேலூயா பலகை மேசைமுன் உட்கார்ந்து ஒரு தேவதூதச் சம்மனசின் இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. காயக்காரர் உயிர்த்தவரைப் பார்த்தபடி நின்றார். யாரும் வாயைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் அண்ணி கதவோரம் வந்து நின்றாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை.

"அண்ணி, அந்தக் கையைக் கொஞ்சம் பாக்கணும்னு சொல்லுங்க."

"பாக்கணுமாம்" என்றாள் அண்ணி.

இறக்கை தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு அல்லேலூயா இடது கையை மேசைமேல் வைத்தார், மல்லாக்க.

காயக்காரர் கிட்டே போகத் தயங்கினார். போய்க் குனிந்தார். அவர் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்காமல் இருந்த கை அது. தழும்பு சிவப்பாக இல்லை. பழுப்பாகவும் இல்லை. சுற்றியுள்ள தோலைவிட ஒரு நிறம் வெளுத்து, மெழுகு தடவியதுபோல் பளபளத்தது. நடுவில் லேசான பள்ளம். ஓரத்துத் தோலெல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கி, சுருக்குப்பையின் வாய்போல மெல்ல இழுபட்டிருந்தது. உள்ளங்கை ரேகைகள் அங்கே வந்து நின்று, தாண்டி, சற்று இடம் மாறித் தொடர்ந்தன. சுண்டுவிரல் முழுசாக நீளவில்லை. அதை மறைக்கத்தான் அண்ணன் எப்போதும் அந்தக் கையில் ஒரு துணியைப் பிடித்தபடி இருப்பார் போலும். அது அவருடைய பழக்கம் என்று ஊர் நினைத்திருந்தது.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமாத் திருப்பச் சொல்லுங்க."

"திருப்புங்க."

"திருப்பியாச்சுன்னு சொல்லு" என்றார் அல்லேலூயா.

தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார். "வலிக்குதான்னு கேளுங்க."

அண்ணி இந்தக் கேள்வியை எடுத்துக் கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"மழைக்காலத்துல மட்டும்னு சொல்லு" என்றார் அல்லேலூயா.

காயக்காரர் மூன்று டப்பாக்களையும் மூடிவைத்தார். அண்ணனின் மேசையிலிருந்த தோல் நிறத்தையே எடுத்தார். அதில் வெள்ளையைக் கலந்தார். பிளாஸ்டர் உள்ளங்கையில் கட்டைவிரலால் ஈரச் சாந்தை அழுத்திப் பள்ளம் செய்தார். அடிக்கடி திரும்பி மேசையைப் பார்த்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரே தழும்பு ஐந்து இடங்களில் வந்துவிட்டது. விலாவில் மட்டும் சற்றுப் பெரியதாக. போகிற போக்கில், தங்கக் கரையில் மிஞ்சியிருந்த சிவப்புச் சொட்டு ஒன்றைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு, கட்டிப்பிடித்தல், கண்ணீர் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி நடந்ததாக எங்கள் பங்கில் ஒரு கதை உலவுகிறது. அதைச் சொல்பவர்கள் அந்தக் குடும்பத்தை அறியாதவர்கள்.

பீடத்தில் ஏறிய சுரூபத்தின் கிட்டே போய், சாமியார் பாதத்துத் தழும்பில் விரல் வைத்துப் பார்த்தார். தலைவர் பேசினார்.

"காயமே தெரியலையே ஃபாதர். இதுக்கா இவ்வளவு பாடு?"

ஆயர் வரும் நாளன்று அவர் யாரையும் கேட்காமல் சுரூபத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கும், விலாவுக்கு நேரே ஒரு சிவப்புப் பல்பும் மாட்டிவிட்டார். பிரசங்கத்தின் நடுவில் பல்பு ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு அணைந்தது. பலர் அதை ஆண்டவர் செய்த புதுமை, அற்புதம் என்றார்கள். ஆயர் பீடத்தின் பளிங்கைப் புகழ்ந்தார். பூசை முடிந்ததும் எல்லோரும் வழக்கம்போல் செருப்பைத் தேடினார்கள்.

காயக்காரர் பின்வரிசைத் தூணில் சாய்ந்து நின்றார். கைக்குட்டையை ஒருத்தியும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஒருத்தர்கூட அழலை, பாத்தியா?"

"செத்தவரு திரும்பி வந்திருக்காரு. எதுக்கு அழணும்?"

"எனக்கென்னவோ ஒரு மாதிரி இருந்துச்சு."

"அந்தத் தழும்பு நீங்க போட்டது. அதான்" என்றாள். அதற்குமேல் அவள் அவரைச் சீண்டாதது எனக்கு ஆச்சரியம்தான்.

எங்கள் பங்கு எதைச் செய்தாலும் பக்கத்துப் பங்கு விடாது. தழும்பு வைத்த ஆண்டவர் எங்களுக்கும் வேண்டும் என்று ஒவ்வொரு கமிட்டியாக வர ஆரம்பித்தது. சிலர் தழும்பு கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும் என்றார்கள். ஒருவர் பத்துத் தழும்பு கேட்டார். பட்டறைச் சுவர் இடிபடவில்லை. அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. புது ஏற்பாடு இதுதான்: உடம்பும் தலையும் அல்லேலூயாவின் பக்கமே நிற்கும். தனியே வார்த்த கைகளையும் பாதங்களையும் அவர் சுவருக்கு மேலாக நீட்டுவார்; காயக்காரர் வாங்கிக்கொள்வார். விலாவுக்கு மட்டும் அவரே சுற்றிக்கொண்டு போக வேண்டும், போகிறார்.

பிளாஸ்டர் கைகள் வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பக்கம் மரப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்கும். அதன்மேல் ஒருவர் ஏறும் முனகல் கேட்கும். பிறகு சுவருக்கு மேலே இன்னொரு கை எழும்பும்; சுண்டுவிரல் சற்று மடங்கிய கை, உள்ளங்கை இந்தப் பக்கம் பார்த்தபடி. இத்தனை சுரூபங்களுக்குப் பிறகு அந்தத் தழும்பு காயக்காரருக்குக் கண்ணை மூடினாலும் வரும். அண்ணன் கையைப் பார்க்காமலே போட்டுவிடலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்ப்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தக் கை இறங்குவதில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லு" என்பார் மனைவியிடம். அவள் அப்போது வீட்டில் இருப்பாள். பட்டறையில் இருக்க மாட்டாள். கை இன்னும் கொஞ்சம் மேலே வரும்.